கையேடு எழுதுகிறவனுக்கு எங்கே நாற்காலி?

எங்கள் எதிர்வீட்டில் ரிட்டயர்டு தாசில்தார் ஒருவர் இருக்கிறார். பௌர்ணமியன்று கிரிவலம் போனால் முன்னால் போகிறவர் முதுகைத்தான் பார்க்க முடியும், அமாவாசையன்று போனால் மலையைப் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டு 14 கிலோமீட்டரையும் இருட்டில் நடந்து வருகிறவர். போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய பேத்தி சென்னையிலிருந்து வந்திருந்தாள். பி.இ. முடித்து இரண்டு வருஷமாக டெக்னிக்கல் ரைட்டராக வேலை பார்க்கிறாள். இப்போது வேறு இரண்டு கம்பெனிகளிலிருந்து ஆர்டர் வந்திருக்கிறது. எதில் சேருவது என்று குழப்பம். "எதிர்வீட்டுத் தாத்தா இதே வேலையிலதான் இருந்தார், போய்க் கேளு" என்று தாசில்தார் அனுப்பிவிட்டார்.

"தாத்தா, ஒரு கம்பெனில எங்க டீம் இன்ஜினியரிங் கீழ வருது. இன்னொண்ணுல மார்க்கெட்டிங் கீழ. நீங்க எந்த டிபார்ட்மென்ட்ல இருந்தீங்க?"

"எல்லாத்துலயும் இருந்தேன்மா" என்றேன்.

சிரித்தாள். நான் தமாஷுக்குச் சொல்லவில்லை.

இந்த வேலை என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மிக்சி வாங்கினால் அட்டைப்பெட்டிக்கு அடியில் ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். நாம் அதைப் பிரித்துப் பார்க்காமல் கேரண்டி கார்டோடு சேர்த்து பீரோவில் வைப்போம். அந்தப் புத்தகத்தை எழுதுகிறவன்தான் டெக்னிக்கல் ரைட்டர். எனக்குப் பெண் பார்த்தபோது, "மாப்பிள்ளை கம்பெனியில் புஸ்தகம் எழுதுகிறார்" என்று தரகர் சொல்ல, என் மாமனார் "கதையா, கவிதையா?" என்று கவலையோடு கேட்டாராம். கம்ப்ரசர் என்றதும்தான் அவருக்கு மூச்சு வந்தது.

கம்பெனி பெயர் வேண்டாம். சென்னைக்கு வெளியே ஏர் கம்ப்ரசர் செய்கிற கம்பெனி. பஞ்சர் கடையில் டபடபவென்று அடித்துக்கொண்டிருக்குமே, அதன் பெரிய அண்ணன்மார்களைச் செய்தோம். 1981-ல் டிராஃப்ட்ஸ்மேனாகச் சேர்ந்தேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது, இங்கிலீஷும் பரவாயில்லை என்று சீஃப் டிராஃப்ட்ஸ்மேன் என்னை மேனுவல் எழுத உட்காரவைத்தார். டிராயிங் ஆபீஸின் ஒரு மூலையில், அமோனியா பிரிண்ட் எடுக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் மேஜை. கண்ணில் தண்ணீர் வடிய வடியத்தான் என் இலக்கிய வாழ்க்கை ஆரம்பமானது.

டிசைன் இலாகாவில் இருந்ததில் ஒரு பெரிய சௌகரியம். மெஷினில் ஒரு வாஷர் மாறினால்கூட அதற்கு ஒரு சேஞ்ச் நோட் போட வேண்டும். என்ன மாறியது, ஏன் மாறியது, எந்த நம்பர் மெஷினிலிருந்து மாறியது என்று ஒரு பக்கம். அதன் அடியில் நகல் யார் யாருக்கு என்று ஒரு பட்டியல் இருக்கும்: உற்பத்தி, கொள்முதல், தரம், ஸ்டோர்ஸ், சர்வீஸ் என்று போய்க் கடைசியில் பப்ளிகேஷன்ஸ். அந்தக் கடைசி ஆள் நான். கார்பன் காப்பி மங்கி என் மேஜைக்கு வரும்போது எழுத்தைத் தடவிப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். ஆனாலும் வந்துவிடும். எனக்குத் தெரியாமல் அந்தக் கம்பெனியில் ஒரு ஆணி மாற முடியாது.

அசௌகரியமும் உண்டு. நான் எழுதியது டிசைன்காரர்களுக்குப் பிடித்த புத்தகம். காற்றை அழுத்தினால் ஏன் சூடாகிறது என்று ஒன்பது பக்கம் இருக்கும், பெல்ட் மாற்றுவது எப்படி என்று எட்டு வரி இருக்கும். பெல்ட் மாற்றுகிறவனை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

1988-ல் எங்கள் மூன்று பேரையும் சர்வீஸ் இலாகாவுக்கு மாற்றினார்கள். டெலிபோனுக்குப் பக்கத்தில் நாற்காலி. நாள் முழுக்க ஊர் ஊராகப் பேசுவார்கள். நாமக்கல்லில் ரிக் வண்டிக்காரர், சிவகாசியில் பிரஸ்காரர், திருப்பூரில் பனியன் கம்பெனிக்காரர். "நீங்க புக்ல போட்ட படத்துல அந்த போல்ட்டு இடது பக்கம் கீது. இங்க வலது பக்கம் கீது. நாங்க மெஷினத் திருப்பி வெக்கணுமா?" என்று ஒருவர் கேட்டார். நம்ம செங்கம் பக்கத்துக்காரர். அன்றைக்குத்தான் நான் எழுதியதை ஒருவர் படித்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

என்னைக் கேட்டால் அந்தப் பதினாலு வருஷம்தான் நான் உருப்படியாக வேலை செய்த காலம். ஒன்பது பக்கத் தியரியை ஒன்றாக்கினேன். பழுது பார்க்கும் அட்டவணையைப் புத்தகத்தின் முன்பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். சர்வீஸ் மேனேஜரிடம் கெஞ்சி, நாலு பக்கத்தில் தமிழில் ஒரு இணைப்பு அடித்து, தமிழ்நாட்டுக்குப் போகிற மெஷின்களோடு வைத்தோம். பதிலுக்கு ஒன்று இழந்தோம். புது மாடல் வருவது எங்களுக்குக் கடைசியில்தான் தெரியும். மெஷின் லாரி ஏறிப் போய்விடும், புத்தகம் மூன்று மாதம் கழித்துத் தபாலில் போகும். ஆனால் சேஞ்ச் நோட் மட்டும் நிற்கவில்லை. சர்வீஸ் மேனேஜர் காப்பியைப் பியூன் எங்கள் மேஜை வழியாகத்தான் கொண்டுபோவான்.

2002-ல் மார்க்கெட்டிங். வெளிநாட்டு ஏற்றுமதி சூடு பிடித்த சமயம். புத்தகம் கம்பெனியின் முகம், அது மார்க்கெட்டிங்கிடம் இருக்க வேண்டும் என்று மேலே முடிவு செய்தார்கள். அதைத் தப்பென்று சொல்லமாட்டேன். எங்கள் புத்தகங்கள் அதுவரை ரேஷன் கார்டு மாதிரி இருக்கும். மார்க்கெட்டிங் வந்துதான் ஆர்ட் பேப்பர், கலர் போட்டோ, படிக்கிற மாதிரி எழுத்து எல்லாம் வந்தது. எழுதுகிறவனுக்கும் கொஞ்சம் மரியாதை வந்தது. ஏசி அறையில் உட்கார்ந்தோம். தமிழ் இணைப்பு மட்டும் 'லுக்' கெடுக்கிறது என்று நின்றுபோனது.

இதில் ஒரு வேடிக்கை. ஐரோப்பாவுக்கு மெஷின் அனுப்பினால், அது எந்த நாட்டில் விற்கப்படுகிறதோ அந்த நாட்டு மொழியில் கையேடு கூடவே போக வேண்டும். அது அவர்கள் சட்டம். ஜெர்மனிக்குப் போகும் கம்ப்ரசருக்கு ஜெர்மன் மொழியில் புத்தகம் அடித்தோம், இத்தாலிக்கு இத்தாலியில் அடித்தோம். ஆரணிக்குப் போகும் கம்ப்ரசருக்கு இங்கிலீஷ் போதும் என்று இருந்துவிட்டோம்.

ஆரணியை உதாரணத்துக்குச் சொல்லவில்லை.

நம்ம பக்கத்து வாசகர்களுக்கு ஆரணி ரைஸ் மில்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அரிசி மூட்டையில் 'சார்டெக்ஸ்' என்று போட்டிருக்குமே, அது கலர் பார்த்துப் பிரிக்கிற மெஷின். அரிசி அருவி மாதிரி விழும்போது கறுப்பு, பழுப்பு மணி ஒன்று வந்தால் அதைக் கேமரா கண்டுபிடித்து, ஊசி மாதிரி ஒரு காற்று அடித்து வெளியே தள்ளிவிடும். அந்தக் காற்றுக்குக் கம்ப்ரசர் வேண்டும். எங்கள் ஸ்க்ரூ கம்ப்ரசர் நிறைய போனது.

ஸ்க்ரூ கம்ப்ரசரில் காற்றோடு ஆயிலும் சேர்ந்து சுற்றும். ஓடும்போது ஆயில் 80, 90 டிகிரி சூட்டில் அழுத்தத்தோடு டாங்க்கில் இருக்கும். மெஷினை நிறுத்தினால் ஒரு வால்வு திறந்து அந்த அழுத்தத்தை வெளியே விட்டுவிடும். அழுத்தம் முழுக்க இறங்கிய பிறகுதான் ஆயில் மூடியைத் திறக்க வேண்டும். சர்வீஸில் இருந்தபோது நான் எழுதிய புத்தகத்தில் இப்படி இருந்தது: நிறுத்து. 2 நிமிஷம் காத்திரு. கேஜ் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா பார். மூடியை அரைச் சுற்று தளர்த்து, சத்தம் வருகிறதா கேள். பிறகு திற.

மார்க்கெட்டிங் புத்தகத்தில் அந்தப் பக்கத்துக்கு ஒரு பெரிய போட்டோ வந்தது. புத்தம்புது ஓவரால் போட்ட ஒரு மாடல் பையன் சிரித்துக்கொண்டே ஆயில் ஊற்றுகிறான். (ஆயில் ஊற்றும்போது சிரித்த ஃபிட்டரை நான் பார்த்ததில்லை.) எழுத்துக்கு இடம் குறைந்தது. ஐந்து வரியை இரண்டாக்கச் சொன்னார்கள். நான் யோசித்தேன். அந்த வால்வு ஒன்றரை நிமிஷத்தில் டாங்க்கைக் காலி செய்துவிடும் என்று எனக்குத் தெரியும், 2 நிமிஷம் நின்றாலே போதும், கேஜ் பார்ப்பதும் சத்தம் கேட்பதும் கூடுதல் ஜாக்கிரதை. வெட்டினேன். "நிறுத்தி 2 நிமிடம் கழித்து மூடியைத் திறந்து ஆயில் நிரப்பவும்" என்று ஆனது. வெட்டியது நான்தான். யாரும் என் கையைப் பிடித்து வெட்டச் சொல்லவில்லை.

ஒரு வருஷம் கழித்து டிசைனில் அந்த வால்வை மாற்றினார்கள். அழுத்தம் சட்டென்று இறங்கினால் ஆயில் நுரைத்துக்கொண்டு மேலே வருகிறது என்று துவாரத்தைச் சின்னதாக்கினார்கள். நல்ல மாற்றம்தான், நியாயமான காரணம்தான். இப்போது அழுத்தம் இறங்க நாலு நிமிஷத்துக்கு மேல் ஆகும். சேஞ்ச் நோட் போட்டார்கள். நகல் பட்டியலைக் கம்ப்யூட்டரில் புதிதாக அடித்தபோது, டிசைனிலும் இல்லாத சர்வீஸிலும் இல்லாத எங்கள் செக்‌ஷன் பெயர் விடுபட்டுப் போயிருந்தது. வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. சர்வீஸ் இன்ஜினியர்களுக்கு அந்த மாற்றம் தெரியும். எங்களுக்குத் தெரியாது. புத்தகத்துக்கும் தெரியாது.

2006-ல் ஒரு நாள் ஆரணியிலிருந்து போன். மில் ஃபிட்டர் ஒருவர் ஆயில் நிரப்ப மூடியைத் திறந்திருக்கிறார். கொதிக்கிற ஆயில் பீய்ச்சி, வலது கை முழங்கை வரைக்கும், கழுத்து, தாடை எல்லாம் வெந்துவிட்டது. முகத்தைத் திருப்பியதால் கண் தப்பியது. வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

சர்வீஸ் இன்ஜினியரோடு நானும் போனேன். என் சொந்த ஊர் பக்கம், பேச்சுக்கு உதவியாக இருக்கும் என்று அழைத்துப்போனார்கள். முதலில் மில்லுக்குப் போனோம். கம்ப்ரசர் பேனலுக்குப் பக்கத்தில் ஆணியில் பிளாஸ்டிக் கவரில் எங்கள் புத்தகம் தொங்கிக்கொண்டிருந்தது. ஆயுத பூஜைக்கு அட்டையில் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். எடுத்துப் பிரித்தேன். அந்த வரியின் கீழே பால்பாயின்ட் பேனாவால் கோடு. ஓரத்தில் குழந்தைக் கையெழுத்தில் தமிழில்: 'நிறுத்து. 2 நிமிசம். திற.' எட்டாவது படிக்கிற மகளிடம் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி, அவளையே எழுதவும் வைத்திருக்கிறார் மனிதர்.

மூடியில் ஒரு சின்னத் துவாரம் உண்டு. உள்ளே அழுத்தம் இருந்தால் தளர்த்தும்போது 'உஸ்' என்று சத்தம் போட்டு எச்சரிக்கும். அடுத்த ஷெட்டில் நெல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் அங்கே நின்றபோது சர்வீஸ் இன்ஜினியர் பேசியதே எனக்குக் கேட்கவில்லை. 'உஸ்' எங்கே கேட்கப்போகிறது? அந்த வரியை எழுதியபோதும் வெட்டியபோதும் நான் ரைஸ் மில்லுக்குள் போனதில்லை.

ஆஸ்பத்திரியில் அவர் கை முழுக்கக் கட்டோடு படுத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். கம்பெனியிலிருந்து வந்திருக்கிறார்கள், வேலைக்கு ஆபத்து என்று பயம். "சார், நான் வாட்ச் பாத்துதான் சார் தெறந்தேன். ரெண்டு நிமிஷம் தாண்டி நின்னேன் சார்" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அவர் மனைவி, "இவர் எதையும் அவசரப்பட்டுச் செய்ற ஆள் இல்ல சார்" என்றார். இந்தப் புத்தகத்தை எழுதியவன் நான் என்று அவர்களிடம் சொல்லவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது.

விசாரணை அறிக்கையை யார் எழுதுவது? கம்பெனியில் எழுதத் தெரிந்தவன் நான்தானே. என்னிடம் வந்த குறிப்பில் 'ஆப்பரேட்டரின் கவனக்குறைவு' என்று ஏற்கெனவே ஒரு வரி இருந்தது. அதை எடுத்துவிட்டு, புத்தகத்தின் பழைய பக்கத்தையும் புதுப் பக்கத்தையும் சேஞ்ச் நோட்டையும் மூன்றாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பின் போட்டுக் கொண்டுபோனேன். மீட்டிங்கில் "கேஜ் வரியை எடுத்தது நான்" என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. டிசைன் மேனேஜர், "அந்த வரி இருக்கிறது என்ற தைரியத்தில்தான் வால்வை மாற்றினோம்" என்றார். "அந்த வால்வு இருக்கிறது என்ற தைரியத்தில்தான் வரியை எடுத்தேன்" என்றேன். ஒரே கட்டடம். மாடிப்படிதான் நடுவில்.

பிறகு காரியம் வேகமாகத்தான் நடந்தது. விற்ற மெஷின் ஒவ்வொன்றுக்கும் மூடிக்குப் பக்கத்தில் ஒட்ட ஸ்டிக்கர் போனது. கேஜ் படம், பூஜ்யத்தில் முள், தமிழ், இந்தி, இங்கிலீஷ் மூன்றிலும் ஒரு வரி. ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. எங்களை மறுபடி டிசைனுக்கோ சர்வீஸுக்கோ மாற்றுவார்கள் என்று நினைத்தேன். மாற்றவில்லை. சேஞ்ச் நோட்டின் நகல் பட்டியலில் 'பப்ளிகேஷன்ஸ்' என்று ஒரு வரி சேர்ந்தது, அவ்வளவுதான். அதோடு ஒரு விதி வந்தது: இந்த மாற்றத்தால் புத்தகத்தில் எந்தப் பக்கம் மாறும் என்று நாங்கள் எழுதிக் கையெழுத்துப் போடாமல் சேஞ்ச் நோட் அமலாகாது. அந்தக் கையெழுத்துக்காக டிசைன் பையன்கள் மாடியேறி வந்து என் மேஜை முன்னால் நிற்பார்கள். மார்க்கெட்டிங்கில் உட்கார்ந்துகொண்டே நான் டிசைன்காரனாக ஆனது அப்போதுதான்.

விமானத் தொழிலில் இது எப்போதோ வந்த பழக்கம். அங்கே பராமரிப்புக் கையேடும் விமானத்தின் ஒரு பாகம் மாதிரி. டிசைன் மாறினால் கையேடும் கூடவே மாற வேண்டும். கையேட்டில் உள்ளபடி செய்தேன் என்று மெக்கானிக் கையெழுத்துப் போடாமல் விமானம் கிளம்பாது. கம்ப்ரசர் தரையில்தானே நிற்கிறது என்று நாங்கள் அசட்டையாக இருந்துவிட்டோம்.

2009-ல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தேன். அங்கே என்னை விட முப்பது வயது சின்னவர்கள் மேனேஜர்கள். கம்ப்யூட்டருக்கு முதன்முதலில் உபயோகக் கையேடு எழுதியவர் என்று ஜோசப் சாப்லின் என்ற அமெரிக்கரைச் சொல்கிறார்கள். 1949-ல், பைனாக் என்ற மெஷினுக்கு. பிறகு அவர் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு சர்ச்சில் ஆர்கன் வாசிக்கப் போய்விட்டார். ஏன் போனார் என்று ஏழு வருஷத்தில் எனக்கு நன்றாகவே விளங்கியது. அந்த ஏழு வருஷத்தில் எங்கள் டீம் இன்ஜினியரிங், சப்போர்ட், மார்க்கெட்டிங், மறுபடி இன்ஜினியரிங் என்று வீடு மாறிக்கொண்டே இருந்தது. வாடகை வீட்டுக்காரன் கதைதான்.

ஒன்று மட்டும் அங்கே புதிதாகக் கற்றுக்கொண்டேன். ஒரு சமயம் எங்களைப் பிரித்து, ஒவ்வொரு புரோகிராமர் குழுவுக்கும் ஒரு ரைட்டர் என்று உட்காரவைத்தார்கள். காலையில் அவர்கள் நின்றபடி பேசுகிற பத்து நிமிஷக் கூட்டத்தில் நாங்களும் நிற்போம். என்ன மாறுகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். சேஞ்ச் நோட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஆறு மாதத்தில் ஒரே பொத்தானுக்கு ஒரு புத்தகத்தில் 'டெலீட்', இன்னொன்றில் 'ரிமூவ்', மூன்றாவதில் 'க்ளியர்' என்று பெயராகிவிட்டது. வாடிக்கையாளர் மூன்றும் மூன்று வேலை என்று நினைத்துக் கேட்டார். சரி என்று மறுபடி ஒரே அறையில் சேர்த்தார்கள். பெயர் ஒன்றானது, சேதி நின்றுபோனது. ஆள் குறைக்கிற சமயம் வந்தால் சப்போர்ட் கீழே இருந்தபோதுதான் எங்கள் தலை முதலில் எண்ணப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இங்கே ஊருக்குத் திரும்பிவந்த பிறகு இதையெல்லாம் மறந்துதான் இருந்தேன். காலையில் கோயிலுக்கு என்னோடு வருகிற சரித்திர வாத்தியார்தான் கிளறிவிட்டார். அவருக்குப் பிராகாரச் சுவரில் கல்வெட்டு இருந்தால் கால் நகராது. ஒரு நாள் ஒரு கல்வெட்டின் கடைசியைக் காட்டி, "இப்படி முடிவில் எழுதினவன் பெயர் வரும் சார், ஊர்க்கணக்கு இன்னார் எழுத்து என்று" என்றார். என் முப்பத்தைந்து வருஷப் புத்தகம் எதிலும் என் பெயர் கிடையாது என்றேன். சிரித்துவிட்டு, ராஜராஜன் காலத்து ஆனைமங்கலம் செப்பேட்டைப் பற்றிச் சொன்னார். 21 ஏடுகள், வெகுகாலம் ஹாலந்தில் லைடனில் இருந்தது. நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் எடுத்த புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தின் வருமானத்தை ராஜராஜன் தன் 21-வது ஆட்சி ஆண்டில் கொடுத்த சாசனம்.

எனக்கு தானத்தை விட அதை எழுதிய முறைதான் பிடித்தது. ராஜா தஞ்சாவூர் மாளிகையில் உட்கார்ந்து வாயால் சொல்கிறார். அதைக் கேட்டு எழுத அந்த இடத்திலேயே ஓர் அதிகாரி, திருமந்திர ஓலை. எழுதியதைச் சரிபார்த்து ஒப்பம் வைக்க அவருக்கு மேல் ஓலை நாயகம். பிறகு அது வரி இலாகாவுக்குப் போகிறது. அங்கே கணக்கில் ஏற்றியவர்கள், உடனிருந்தவர்கள் பெயரெல்லாம் வரிசையாக வருகிறது. எங்கள் சேஞ்ச் நோட்டின் நகல் பட்டியல்தான், ஆயிரம் வருஷத்துக்கு முந்தியது! அதோடு முடியவில்லை. ஊரில் போய் ஒரு பெண் யானையை எல்லை சுற்றி நடக்கவிட்டு, பின்னாலேயே நடந்து, வாய்க்கால், மேடு, மரம் என்று பார்த்து அதையும் எழுதுகிறார்கள். ராஜா பேசும்போது பக்கத்தில் ஓர் எழுத்து, யானைக்குப் பின்னால் வயலில் ஓர் எழுத்து.

இதைத் தாசில்தாரிடம் சொன்னேன். அவர் அதற்குத் தன் பாணியில் ஒரு விளக்கம் வைத்திருந்தார். 1980-ல் எம்.ஜி.ஆர். கர்ணம் பதவியை ஒழிப்பதற்கு முன்னாலிருந்து இலாகாவில் இருந்தவர். "வயலுக்குப் போகாத கர்ணம் எழுதின அடங்கல்ல எல்லா வருஷமும் மல்லாட்டைதான் சார் வெளையும். ஜமாபந்தியில உக்காந்தா கண்ணால பாத்து எழுதினது எது, வீட்ல எழுதினது எதுன்னு எனக்குத் தெரிஞ்சிடும்" என்றார்.

பேத்திக்கு இதில் பாதியைத்தான் சொன்னேன். ஆரணிக் கதையைச் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "இப்ப எழுதறதை எல்லாம் ஏஐயே எழுதிடும்ங்கறாங்க தாத்தா. டிபார்ட்மென்ட் பத்திப் பேசறதே வேஸ்ட்டோ?" என்றாள். அமெரிக்காவில் 1953-ல் தொடங்கிய டெக்னிக்கல் ரைட்டர்கள் சங்கம் 2025 ஜனவரியில் கதவைச் சாத்துவதாக அறிவித்த சேதியையும் அவளே சொன்னாள். அவள் பயம் நியாயமானதுதான். ஆனால் வால்வு மாறியதை அந்த ஏஐக்கு யார் சொல்வார்கள் என்று கேட்டேன். அதற்கும் ஒருத்தர் நகல் அனுப்ப வேண்டுமே.

இன்ஜினியரிங்கா மார்க்கெட்டிங்கா என்பதற்கு நான் பதில் சொல்லவில்லை. இரண்டு கம்பெனியிலும் ஒரே கேள்வியைக் கேட்கச் சொன்னேன்: சாமான் மாறினால் எனக்கு யார், எப்போது சொல்வார்கள்? கூடவே இன்னொன்று: வருஷத்தில் எத்தனை நாள் என்னை வாடிக்கையாளர் இடத்துக்கு அனுப்புவீர்கள்?

புதன்கிழமை போன் செய்தாள். இன்ஜினியரிங் கம்பெனியில் மேனேஜர், "எல்லாம் சிஸ்டத்தில் இருக்கும், நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்" என்றாராம். மார்க்கெட்டிங் கம்பெனியில் அந்தப் பெண் மேனேஜர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதை இதுவரை யாரும் கேட்டதில்லை, எனக்கே தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன்" என்றாராம். இரண்டாவதில் சேர முடிவு செய்துவிட்டாள். மாதம் ஆறாயிரம் ரூபாய் சம்பளமும் அதில் அதிகம் என்பதைத் தாசில்தார் எனக்குத் தனியாகச் சொன்னார்.

நேற்று மறுபடி பேசினாள். சேர்ந்த மூன்றாம் நாளே, டிசைன் மாற்றம் வந்தால் மெயில் போகிற பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லி எழுதியிருக்கிறாளாம். பதில் வந்ததா என்று கேட்டேன்.

"இன்னும் வரல தாத்தா. திங்கட்கிழமை நேர்லயே போய்க் கேக்கறேன். அவங்க ரெண்டு மாடி மேலதான் இருக்காங்க."